சாப்பிடுது, கத்தல, அப்புறம் எங்க வலி?

தலைப்பில் இருக்கிற கேள்வி என்னுடையது இல்லை. பினாங்கில் எந்த விலங்கு கிளினிக்கில் வேலை பார்த்தாலும் வாரம் தவறாமல் காதில் விழுகிற கேள்வி அது, ஒரு நாள் தமிழில், ஒரு நாள் மலாயில், ஒரு நாள் ஹொக்கியனில். கேட்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நமக்கு ஒரு பல்வலி வந்தால் வீட்டில் இருக்கிற எல்லாரையும் ஒரு வழி பண்ணிவிடுகிறோம், நாயும் பூனையும் அப்படித்தான் செய்யும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் கத்துவது பெரும்பாலும் திடீரென்று வரும் வலிக்குத்தான்: வாலை யாராவது மிதித்துவிட்டால், மோட்டோர் இடித்துவிட்டால், குளவி கொட்டிவிட்டால். மாதக்கணக்கில் இருக்கிற மூட்டு வலி, பல் வலி, காது வலி எல்லாம் சத்தம் போடாது. அவை பழக்கத்தில்தான் தெரியும், அதுவும் புதிதாக என்ன செய்கிறது என்பதைவிட எதைச் செய்வதை நிறுத்திவிட்டது என்பதில்.

சாப்பாட்டை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. கடைவாய்ப் பல் உடைந்து சீழ் பிடித்த நாய்கூட தட்டை நக்கிக் காலி செய்யும், பசி அப்படி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஒரு பக்கமாகவே மெல்வதும், கெட்டி பிஸ்கட்டை வாயில் எடுத்துக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுப்பதும் கண்ணில் படும்.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியிலிருந்து ஓர் ஆண்டி தன் 13 வயது ஆண் பூனையைக் கொண்டுவந்தார். வந்த காரணம் முடி. இடுப்புக்கு மேலே, முதுகின் பின்பாதியில் முடி சடை பிடித்துக் கட்டியாகிவிட்டது, வழித்துவிட வேண்டும். மேசையில் வைத்துப் பார்த்தால் நகம் வேறு நீண்டு வளைந்து பாதத்தின் மெத்தையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார்: "இப்பல்லாம் மண் டப்பாவுக்குள்ள போறதே இல்ல டாக்டர், பக்கத்துலயே ஒண்ணுக்குப் போயிடுறான், வேணும்னே பண்றான்."

"ஜன்னல்ல ஏறி உக்காருவானா?"

"அது எப்பவோ நிறுத்திட்டான். போன தீபாவளிக்கு முன்னாடின்னு நினைக்கிறேன். வயசாயிடுச்சுல்ல."

முடி, நகம், மூத்திரம் என்று மூன்று தனித்தனிப் புகார்கள், ஆனால் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. இடுப்பும் முதுகும் வலிப்பதால் உடம்பைத் திருப்பி அந்த இடத்தை நக்க முடியவில்லை, அதனால் சடை. எட்டி நின்று நகத்தைக் கீறத் தோள் ஒத்துழைக்கவில்லை, அதனால் நகம். டப்பாவின் விளிம்பு உயரம், காலைத் தூக்கி உள்ளே போவது வேதனை, அதனால் தரை. 2002-ல் அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரேக்களை எடுத்துப் பார்த்தபோது 10-ல் 9 பூனைகளுக்கு எங்கேயோ ஓர் இடத்தில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. எக்ஸ்ரேயில் தெரிவதெல்லாம் வலிக்கும் என்று இல்லை, படத்தில் மோசமாகத் தெரியும் மூட்டு நிஜத்தில் சும்மா இருப்பதும் உண்டு. ஆனாலும் வயதான பூனை நொண்டுவது அபூர்வம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் எந்தக் காலை நொண்டுவது? அது குதிப்பதைக் குறைக்கும், நேராக மேசைக்குத் தாவாமல் முதலில் நாற்காலி, அப்புறம் மேசை என்று இரண்டு தவணையில் ஏறும், அப்புறம் ஏறுவதையே விட்டுவிடும். நாம் அதைப் பார்த்து "வயசாயிடுச்சு" என்போம், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். என்னைக் கேட்டால் விலங்குகளின் வலிக்குப் பெரிய தடை மருந்து இல்லாதது இல்லை, இந்த ஒரு வார்த்தைதான்.

நாய் கொஞ்சம் வெளிப்படை. எழுந்திருக்கும்போது முன்காலை ஊன்றி உடம்பை இழுக்கும், மாடிப்படியில் கீழே நின்று யோசிக்கும், ஒரே மூட்டை நக்கி நக்கி அந்த இடத்து முடி பழுப்பாகிவிடும். நம் ஊரில் ஒரு தொல்லை, மூச்சிரைப்பு. வலியில் இருக்கும் நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும். இந்த வெயிலில் வலி இல்லாத நாயும் அதையே செய்யும். அதனால் நான் கேட்பது, ராத்திரி இரண்டு மணிக்கு, விசிறி ஓடும்போதும் இரைக்கிறதா, படுத்து எழுந்து படுத்து எழுந்து இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறதா என்று. முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்துப் பின்பக்கத்தை மேலே தூக்கி, கும்பிடுவது போல நின்றால் அது விளையாட்டாக இருக்கலாம். பண்டிகைக்கு மறுநாள், ஆட்டுக்கறிக் கொழுப்பெல்லாம் அதன் தட்டுக்குப் போன பிறகு, வாந்தியோடு அப்படி நின்றால் கணைய அழற்சி என்று சந்தேகப்பட வேண்டும், அது பொல்லாத வலி.

குணம் மாறுவதையும் இதில் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்து நடத்தை நிபுணர்களும் வேறு நாட்டு நிபுணர்களும் சேர்ந்து 2020-ல் எழுதியதில், கடிக்கிறது, பயப்படுகிறது, வீட்டை அசிங்கம் செய்கிறது என்று தங்களிடம் அனுப்பப்பட்ட விலங்குகளில் குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒன்றுக்கு ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். வெடிச் சத்தத்துக்குச் சின்ன வயதில் பயப்படாத நாய் ஏழெட்டு வயதில் திடீரென்று பயப்பட ஆரம்பித்தால் மூட்டைப் பார்ப்பது நல்லது. சத்தம் கேட்டு உடம்பு விறைக்கிறது, விறைத்த உடம்பு வலிக்கிறது, அடுத்த முறை சத்தமே வலியாகிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் வானமே வெடிக்கிற ஊரில் இதைச் சோதித்துப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு வாய்ப்பாவது கிடைக்கும்.

முயல் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: அரை நாள் சாப்பிடவில்லை, புழுக்கை நின்றுவிட்டது, பல்லை நறநறக்கிறது என்றால் காலைவரை காத்திருக்காதீர்கள். வலியில் அதன் குடல் நின்றுவிடும், குடல் நின்றால் இன்னும் வலிக்கும். மாடு வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முதுகு வளைந்து, காது தொங்கி, பால் குறைந்து, கூட்டத்திலிருந்து தள்ளி நிற்கிற மாட்டை தோட்டத்தில் மாடு கட்டி வளர்த்த நம் தாத்தாக்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, ஒரு விலங்கு எவ்வளவு வலியில் இருக்கிறது என்று அளக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். 2010-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எலியின் முகத்தை வைத்து வலியை மதிப்பிடும் ஒரு முறையை உருவாக்கினார்கள். அதைப் பார்த்து முயல், குதிரை என்று ஒவ்வொன்றுக்கும் வந்தது. பூனைக்கு வந்தது 2019-ல், மொன்ட்ரியல் பல்கலைக்கழகத்திலிருந்து. அதில் பார்க்க வேண்டியவை ஐந்தே: காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த முன்முகம், மீசை, தலை. காது நிமிர்ந்து முன்னால் பார்க்கிறதா, அல்லது தட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிவிட்டதா. கண் திறந்திருக்கிறதா, இடுக்கிக்கொண்டிருக்கிறதா. உருண்டையாக இருக்க வேண்டிய முன்முகம் இறுகி நீள்வட்டமாகிவிட்டதா. மீசை தளர்ந்து வளைந்திருக்கிறதா, நேராகி விறைத்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா. தலை தோளுக்கு மேலே இருக்கிறதா, கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 10-ல் 4-ஐத் தொட்டால் வலி மருந்து கொடுக்க யோசிக்க வேண்டும். கைப்பேசியில் இதற்குச் செயலிகூட இருக்கிறது. தூங்கும் பூனைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள், தூங்கும்போது எல்லாப் பூனையும் கண்ணை மூடித்தான் இருக்கும். இது ஆபரேஷனுக்குப் பிறகு வருவது போன்ற புது வலிக்கான அளவுகோல், வருஷக்கணக்கான மூட்டு வலியை இதில் பிடிப்பது கடினம்.

நாய்க்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கேள்வித்தாள் ஒன்று பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது, மொத்தம் 24 மதிப்பெண், 6 வந்தால் மருந்து. அதில் எனக்குப் பிடித்தது, பார்ப்பதோடு நிறுத்தாமல் தொடவும் சொல்கிறது. புண்ணைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி மெதுவாக அழுத்த வேண்டும். திரும்பிப் பார்க்கிறதா, முறைக்கிறதா, கடிக்க வருகிறதா, ஒன்றுமே செய்யவில்லையா. கூண்டுக்கு வெளியே நின்று "அமைதியா இருக்கு" என்று எழுதிவிட்டுப் போகிற வேலைக்கு அங்கே இடமில்லை. அமைதியாக இருக்கும் நாய் நிம்மதியாகவும் இருக்கலாம், அசைந்தால் வலிக்கும் என்று கல்லாய் உறைந்தும் இருக்கலாம். பூனை குர்ர் என்கிறதே என்று சந்தோஷப்படவும் முடியாது, உடம்பு முடியாத பூனையும் குர்ர் என்னும்.

இதில் டாக்டருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கிளினிக்கின் வாசனை, பக்கத்தில் குரைக்கும் நாய், வழுக்கும் மேசை, இத்தனைக்கும் நடுவில் விலங்கு தன் வலியை மறைக்கும். வீட்டில் நொண்டிய நாய் எங்கள் வாசலில் ராஜநடை போடும், உரிமையாளர் "ஐயோ டாக்டர், சத்தியமா நொண்டிச்சு" என்று சங்கடப்படுவார். நாங்கள் நம்புகிறோம், பயத்தில் உடம்பு அப்படித்தான் வேலை செய்யும். அதனால் கைப்பேசியில் அரை நிமிட வீடியோ எடுத்து வாருங்கள்: படி ஏறுவது, படுத்து எழுவது, சாப்பிடுவது. பழைய வீடியோ இருந்தால் இன்னும் நல்லது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் எப்படிக் குதித்தது என்பதற்கு சாட்சி உங்கள் வாட்ஸாப்பில்தான் இருக்கும்.

டாக்டர்களும் இதில் ரொம்பக் காலம் பின்தங்கித்தான் இருந்தார்கள். 1990-களில் கனடாவிலும் பிரிட்டனிலும் நடந்த கணக்கெடுப்புகளில், கருத்தடை ஆபரேஷன் செய்த நாய் பூனைகளில் பெரும் பங்குக்கு அப்புறம் வலி மருந்தே தரப்படவில்லை என்று தெரிந்தது. வலி இருந்தால்தான் அசையாமல் கிடக்கும், தையல் பிரியாது என்று ஒரு வாதம். மார்ஃபின் கொடுத்தால் பூனைக்கு வெறி பிடிக்கும் என்று இன்னொன்று. அளவுக்கு மீறிக் கொடுத்த பழைய சோதனைகளிலிருந்து வந்த பயம் அது. இன்றைக்கு உலகச் சிறு விலங்கு மருத்துவச் சங்கத்துக்கு வலிக்கென்றே தனி வழிகாட்டி இருக்கிறது, 2014-ல் வந்தது, 2022-ல் புதுப்பித்தார்கள். மனிதர்களின் வலியை ஆராயும் உலகச் சங்கமும் 2020-ல் தன் விளக்கத்தைத் திருத்தியபோது, சொல்ல முடியாததால் வலியே இல்லை என்று ஆகிவிடாது, மனிதனுக்கும் சரி விலங்குக்கும் சரி என்று சேர்த்துக்கொண்டது.

வலியை ஏன் முன்கூட்டியே அடக்க வேண்டும் என்பதற்கு நரம்பில்தான் பதில் இருக்கிறது. மயக்கத்தில் மூளை தூங்கினாலும் கத்தி பட்ட இடத்திலிருந்து நரம்புகள் முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். செய்தி தொடர்ந்து வந்தால் முதுகுத்தண்டு உணர்ச்சி கூடிப்போகும், பிறகு சாதாரணமாகத் தொட்டாலே வலிக்கும், கத்தி படாத பக்கத்து இடமும் வலிக்கும். அந்த நிலைக்குப் போன பிறகு அடக்குவது கடினம், மருந்தும் கூட வேண்டும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே ஊசி போடுகிறோம், அறுக்கும் இடத்தில் மரத்துப்போகும் மருந்து போடுகிறோம், வேறு வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறோம். மார்ஃபின் வகை முதுகுத்தண்டிலும் மூளையிலும், அழற்சியைக் குறைக்கும் வகை புண் பட்ட இடத்தில், கீட்டமின் அந்த உணர்ச்சி கூடிப்போவதைத் தடுப்பதில். கருத்தடைக்கு விலை விசாரிக்கும்போது, வலிக்கு என்ன கொடுப்பீர்கள், வீட்டுக்கு எத்தனை நாளுக்குத் தருவீர்கள் என்றும் விசாரியுங்கள். விலை வித்தியாசம் சில நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இனி, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிற விஷயம். பூனைக்குப் பெனடோல், அதாவது பாராசிட்டமோல், கொடுக்காதீர்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம், குழந்தைகளுக்கான சிரப்பும் வேண்டாம். பாராசிட்டமோலை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரலில் இருக்கிற ஒரு நொதி பூனைக்கு வேலை செய்வதில்லை. மருந்து விஷமாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு சேற்று நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டீன், ஆனால் சில மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும், கொடுத்ததை மறைக்காமல் சொல்லவும் வேண்டும். திட்டுவார்களோ என்று மறைப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. நாய்க்கு டாக்டர் கணக்குப் பார்த்துப் பாராசிட்டமோல் கொடுப்பது உண்டு, நீங்களாகக் கொடுக்க அது அனுமதி ஆகாது. ஐபுபுரோஃபென் இரண்டுக்குமே ஆகாது, வயிறு ஓட்டையாகும், சிறுநீரகம் கெடும்.

தைலமும் அப்படித்தான். நம் வீடுகளில் தலைவலியிலிருந்து கால் சுளுக்கு வரை எல்லாவற்றுக்கும் கோடாலித் தைலம்தான், அந்தப் பாசத்தில் நாயின் இடுப்புக்கும் பூனையின் காலுக்கும் தேய்த்துவிடுகிறார்கள். அதில் கற்பூரமும் மெந்தோலும் மெத்தில் சாலிசிலேட்டும் இருக்கின்றன. பூனை அதை நக்கும், நக்கினால் உள்ளே போகும், சாலிசிலேட்டை வெளியேற்றப் பூனைக்கு நாள்கணக்கில் ஆகும்.

"எனக்கு மூட்டு வலிக்குக் குடுத்த மாத்திரையே டாக்டரும் குடுக்கிறீங்க, அப்ப அதையே வெட்டிக் குடுத்தா என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. மெலோக்சிகாமைத்தான் சொல்கிறார்கள், பெயர் ஒன்றுதான். மனிதருக்கான மாத்திரை 7.5 அல்லது 15 மில்லிகிராம். ஐரோப்பாவில் பூனைக்குத் தொடர்ந்து கொடுக்க அனுமதித்திருப்பது ஒரு கிலோ எடைக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 4 கிலோ பூனைக்கு ஒரு நாளுக்கு 0.2. எந்தக் கத்தியால் அப்படி வெட்டுவீர்கள்? அமெரிக்காவிலோ பூனைக்கு ஒரு தடவைக்கு மேல் கொடுப்பது பற்றி மருந்தின் மேலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள், காரணம் சிறுநீரகம். எனவே ரத்தப் பரிசோதனைக்குக் காசு கேட்டால் அது பிடுங்கல் இல்லை. ஒரு கிளினிக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு, குறையவில்லையென்று மறுநாள் இன்னொரு கிளினிக்கில் இந்த வகை மாத்திரை வாங்குவதும் ஆபத்து, இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ஓட்டை விழும். முந்தின கிளினிக்கின் சீட்டைக் காட்டுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மற்ற மருந்துகளிலும் நம்பிக்கையும் நிஜமும் ஒன்றாக இல்லை. டிரமடோல் பல காலமாக நாய்களுக்குத் தாராளமாக எழுதப்பட்டது. 2018-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மூட்டு வலி நாய்களுக்கு அது மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. பூனையின் உடம்பு அதை வேறு மாதிரி மாற்றுவதால் அங்கே பலன் இருக்கிறது, ஆனால் கசப்பு தாங்காமல் நுரை தள்ளும். காபாபென்டின் நரம்பு வலிக்கு உதவும், ஆனால் மனிதருக்கான திரவ மருந்தில் சைலிட்டோல் இனிப்பு கலந்திருக்கலாம், அது நாய்க்கு விஷம். மூட்டு வலிக்கு மாதம் ஒரு ஊசியாக வரும் புது எதிர்ப்புரத மருந்துகளை அமெரிக்கா 2022-ல் பூனைக்கும் 2023-ல் நாய்க்கும் அனுமதித்தது. நாய் ஊசிக்குப் பிறகு தள்ளாட்டம், வலிப்பு போன்ற புகார்கள் வந்ததாக 2024 டிசம்பரில் அந்த நாட்டு மருந்து நிர்வாகமே மருத்துவர்களுக்கு எழுதியது. நல்ல மருந்து, ஆனால் யாருக்கு என்று பார்த்துப் போட வேண்டிய மருந்து.

மருந்துக்கு வெளியே மலிவாக நிறையச் செய்யலாம். முதலில் எடை. 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், உடன்பிறந்தவற்றைவிடக் கால்வாசி குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டு வலி தாமதமாக வந்தது, நடு ஆயுளும் (பாதி நாய்கள் தாண்டி வாழ்ந்த வயது) 11.2 வருஷத்துக்குப் பதில் 13 ஆனது. காலையில் பசியாறும்போது ஆளுக்கொரு துண்டு ரொட்டி சானாய் தூக்கிப் போடுகிற வீட்டில் இதைச் சொன்னால் என்னைக் கொலைகாரன் போலப் பார்க்கிறார்கள். அடுத்தது தரை. தாமான் வீடுகளில் டைல்ஸ், மார்பிள், இடுப்பு வலி நாய்க்கு அது எண்ணெய் ஊற்றிய தளம். படுக்கும் இடத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை ரப்பர் பாய் போடுங்கள். பூனைக்குப் பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி மண் டப்பாவாக வைத்தால் போதும், ஆயர் ஈத்தாம் ஆண்டி வீட்டில் அதற்கே தரை சுத்தமாகிவிட்டது. ஜன்னலுக்கு நடுவில் ஒரு முக்காலி. மருந்து ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் அவன் மறுபடி ஏறினால், அதுவரை இருந்தது வயது இல்லை, வலி என்று தெரிந்துவிடும். பல நேரம் வலியை உறுதி செய்ய எங்களிடம் இருக்கிற நல்ல பரிசோதனையே மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான்.

மலேசியாவில் சட்டமும் ஒன்று இருக்கிறது, விலங்கு நலச் சட்டம் 2015, நடைமுறைக்கு வந்தது 2017 ஜூலையில். அடிப்பது, பட்டினி போடுவது மட்டும்தான் அதில் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வலி, துன்பம், காயம், நோயிலிருந்து காப்பதும் வளர்ப்பவரின் கடமை என்று அது சொல்கிறது. கொடுமைக்கு அபராதம் 20,000 வெள்ளியில் தொடங்கி 100,000 வரை, 3 வருஷம் வரை சிறையும் உண்டு. மூட்டு வலிப் பூனைக்காக யாரையும் பிடித்துப் போகப் போவதில்லை, அது வேறு. ஆனால் புழு வைத்த புண்ணோடு வாசலில் நாயைக் கட்டிப் போட்டிருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசிக் கட்டத்தையும் கருணைக் கொலையையும் பற்றிப் பேசும்போது நம் குடும்பங்களில் பாதிப் பேர் "ஊசி போடச் சொல்லாதீங்க டாக்டர், பாவம்" என்பார்கள். நான் வாதாடுவதில்லை, அது அவர்கள் மனசாட்சி. ஆனால் இயற்கையாகப் போகட்டும் என்று முடிவு எடுத்தால் வலி மருந்து குறையாது, கூடும். எலும்புப் புற்று வந்த நாயை வெறும் விபூதியோடு வைத்துக்கொள்ள முடியாது. அந்த வீட்டுக்குப் பலமான மருந்து வேண்டும், மார்ஃபின் வகை என்றால் அது 1952-ம் வருஷத்து அபாயகரமான போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவதால் டாக்டர் கணக்கு எழுதித்தான் தர முடியும், நினைத்தபடி கடையில் வாங்க முடியாது. நாட்காட்டியில் தினமும் ஒரு குறி போடுங்கள், இன்று எழுந்ததா, தானாகச் சாப்பிட்டதா, வாலை ஆட்டியதா, நல்ல நாளா கெட்ட நாளா என்று. கெட்ட நாள்கள் தொடர்ச்சியாக வரத் தொடங்கினால் மருந்தை மாற்ற வேண்டும், அல்லது அந்த வேண்டாத பேச்சை மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால், ராத்திரி வலி தாங்காமல் போனால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, எந்த மருந்தை எவ்வளவு கூட்டலாம் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கி ஐஸ்பெட்டியில் ஒட்டி வையுங்கள். அந்த நேரத்தில் கை தானாக வீட்டு மருந்துப் பெட்டிக்குத்தான் போகும், அதில் இருப்பது பெனடோல்.